வாங்க அக்கா

கார்கள் நிறுத்தும் கட்டடத்தின் மேல்தளம் காலை நேரத்தில் காலியாகக் கிடக்கும். அங்கேதான் அவள் வகுப்பு நடத்தினாள். சிமெண்டுத் தரையில் பாய்களை விரித்து, தூணோரம் ஸ்பீக்கரை வைத்து, காதோடு ஒட்டிய சின்ன மைக்கில் அவள் குரல் கொடுத்தால் அந்தத் தளமே அதிரும். வந்தவர்கள் எல்லோரும் அவளைக் கோச் என்று கூப்பிட்டார்கள். நாளடைவில் அதுவே பெயராகிவிட்டது.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது வெறும் குதியாட்டம். உள்ளே இருக்கும் கணக்கு அவளுக்குத்தான் தெரியும். காலுக்கு வேலை கொடுத்த கையோடு மறுபடியும் காலுக்கே கொடுத்தால் முட்டி பிடித்துக்கொள்ளும். நடுவில் தோளுக்கோ வயிற்றுக்கோ போய்விட்டுத் திரும்ப வேண்டும். குதிக்கிற இடத்தில் பாட்டின் தாளம் கொஞ்சம் பிந்தினாலும் கூட்டம் மொத்தமும் சோர்ந்துவிடும். முழங்கையை ஊன்றி அசையாமல் கிடக்கும் பிளாங்கிற்கு மட்டும் வார்த்தை நிறைய உள்ள பாட்டு வேண்டும். பாட்டை வாய்க்குள் முணுமுணுத்தால் வலி கொஞ்சம் மறந்துபோகும். கடைசிப் பாட்டில் மூச்சு தானாக இறங்க வேண்டும்.

இதையெல்லாம் அவள் தயார் செய்வது அக்கா வீட்டுச் சமையலறையில். அக்கா வீடு என்றால் அவள் வீடும் அதுதான். அம்மா போன பிறகு, கல்யாணமாகிப் போன அக்கா தங்கையையும் கையோடு கூட்டிக்கொண்டு போனாள். மாமாவும் ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. பயிற்சியாளர் கோர்ஸில் சேர்த்துவிட்டதும் அக்காதான். அக்காவுக்கு ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. பெரிய பெரிய அண்டாக்களோடு மல்லுக்கட்டிவிட்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், வாளி வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்காருவாள். தங்கை போனில் பாட்டைப் போட்டு, அடுப்புக்கும் பாத்திர அலமாரிக்கும் நடுவே குதித்துக் காட்டுவாள். "இதுக்குக் குதிச்சா பல்லு கொட்டிடும் பாப்பா. டாக்டரம்மாவுக்கு லாபம்" என்று அக்கா சொன்னால் இருவரும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிடும்.

டாக்டரம்மா என்று அக்கா சொன்னது வகுப்புக்கு வரும் பல் மருத்துவரை. வகுப்பில் முதலில் சேர்ந்தவர் அவர். கூட்டத்தைத் திரட்டிக் கொடுத்தவரும் அவர்தான். வருகிறவர்கள் பெரும்பாலும் அவருக்குத் தெரிந்தவர்கள். நல்ல உத்தியோகம், நல்ல ஷூ, பாய்க்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் ஒரே நிறம். அவர்கள் நடுவில் நிற்கும்போது கோச்சுக்குத் தன் முதுகு ஒரு பிடி கூடுதலாக நிமிர்ந்திருப்பதுபோல் இருக்கும்.

ஆஸ்பத்திரிப் படியேறும்போது அக்காவுக்கு மூச்சு இரைப்பதை ஒரு டாக்டர் பார்த்துவிட்டு, உடம்பைக் கவனிக்காவிட்டால் நாளைக்கு நோயாளியாகவே இங்கே வருவீர்கள் என்று கண்டித்து அனுப்பினார். வீட்டிலேயே ஒரு கோச்சை வைத்துக்கொண்டு நான் ஏன் வெளியே தேட வேண்டும் என்று அக்கா வந்து நின்றாள். அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

தங்கைக்கு உள்ளே ஏதோ சுருங்கியது. அந்த வகுப்பு கஷ்டம், முதலில் கொஞ்ச நாள் நடந்து பழகு, முட்டிக்கு ஆகாது என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தாள். சொன்னதில் எதுவும் பொய் இல்லை. ஆனால் மனசுக்குள் ஓடியது வேறு. அக்கா பேச ஆரம்பித்தால் தெருக்கோடிக்குக் கேட்கும். மாமாவின் பழைய பேண்டைக் கணுக்காலில் மடித்துவிட்டுக்கொண்டு, சமையலறையில் கறைபட்ட பனியனோடு வந்து நிற்பாள். யாரைப் பார்த்தாலும் சாப்பிட்டாச்சா என்று கேட்பாள்.

ஒரு நாள் காலை அக்கா அப்படியேதான் வந்து நின்றாள். அதே பேண்ட், அதே பனியன், தோளில் வேலைக்குப் போகும் பை. தூரத்திலிருந்தே கையை உயர்த்தி ஆட்டினாள்.

"தெரிஞ்சவங்களா கோச்?" என்று பல் மருத்துவர் கேட்டார்.

பதில் சொல்ல வாய் திறந்த கணம் வரைக்கும் அவள் எதையும் யோசித்து வைக்கவில்லை. பிறகு எத்தனையோ முறை தன்னையே குடைந்து பார்த்துவிட்டாள். யோசித்ததாக நினைவே இல்லை. "எங்க ஏரியாதான். பார்த்திருக்கேன்" என்றது அவள் வாய். அதற்குள் அக்கா பக்கத்திலேயே வந்துவிட்டிருந்தாள்.

ஆட்டிய கை மெல்லக் கீழே இறங்கியது. அவ்வளவுதான். அக்காவின் முகத்தில் வேறு எதுவும் மாறவில்லை.

"வாங்க அக்கா. அந்தக் கடைசிப் பாய்ல நில்லுங்க" என்றாள் தங்கை.

பிறந்ததிலிருந்து நீ, வா, போ என்று கூப்பிட்ட அக்காவை அன்றுதான் அவள் முதல்முறையாக நீங்க என்றாள். அக்கா என்ற சொல்லில் ஒரு சௌகரியம் இருந்தது. வயதில் மூத்த எந்தப் பெண்ணையும் அப்படிக் கூப்பிடலாம். அன்றே வகுப்பு முழுக்க அவளை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது. ஊரிலிருக்கும் எத்தனையோ அக்காக்களோடு அக்காவாகச் சொந்த அக்காவும் கலந்துபோனாள். பொய் சொன்ன மாதிரியும் இல்லை, உண்மை சொன்ன மாதிரியும் இல்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போகவே அவளுக்குக் கால் எழவில்லை. அக்கா கேட்பாள், சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தாள். அக்கா கேட்கவில்லை. எப்படி இருந்தது வகுப்பு என்று மாமா விசாரித்தபோது, "உங்க மச்சினிச்சி அங்க ராணி மாதிரி நிக்கிறா. ஒரு அதட்டுப் போட்டா அத்தனை பேரும் தரையில விழுந்து எழறாங்க" என்றாள். மாமா சிரித்தார். தங்கை தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டு எழுந்தாள்.

அதன் பிறகு அக்கா வகுப்பில் அவளைக் கோச் என்றே கூப்பிட்டாள். குனிவது சரியா கோச், முட்டி வெளியே போகிறதா கோச் என்று கேட்பாள். அதில் குத்தல் இருந்தால்கூடத் தேவலை என்றிருக்கும் தங்கைக்கு. தேடித் தேடிப் பார்த்தாலும் குத்தல் இல்லை. வீட்டில் பாப்பா, வகுப்பில் கோச். சட்டை மாற்றுகிற மாதிரி அக்கா மாற்றிக்கொண்டாள். இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று தினமும் நினைப்பாள் தங்கை. நாள் போகப் போக, ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்ற கேள்வி பெரிதாகிக்கொண்டே போனது. அதற்குப் பயந்தே வாயை மூடிக்கொண்டாள்.

இந்த நிலையில்தான் பல் மருத்துவர் ஒரு நல்ல சேதியோடு வந்தார். ஊரில் பெரிய ஜிம் ஒன்றின் மேலாளர் வகுப்பைப் பார்க்க வருகிறார். பிடித்திருந்தால் காலை வகுப்பை அங்கேயே நடத்தக் கூப்பிடுவார். தங்கைக்குத் தலைகால் புரியவில்லை. எல்லோரும் இரண்டு அணியாகப் பிரிந்து, மணல்மூட்டையைத் தோளில் தூக்கி ஓடி அடுத்தவரிடம் கொடுக்கும் ஓட்டத்தை முக்கியமாக வைத்தாள். அதற்கென்று ஏறிக்கொண்டே போகும் ஒரு பாட்டைத் தேடிப் பிடித்தாள். எல்லாம் பொருந்திவிட்டது. ஒன்றுதான் உதைத்தது. அக்கா எந்த அணியில் இருந்தாலும் அந்த அணி நின்றுவிடும்.

சமையலறையில் வைத்துத்தான் கேட்டாள். "அன்னிக்கு மட்டும் நீ பாட்டைப் பார்த்துக்கிறியா? நான் கையைத் தூக்கினதும் மாத்தணும். வேற யாரையும் என்னால நம்ப முடியாது."

அக்கா வெந்நீரில் காலை அளைந்துகொண்டிருந்தாள். "ஓடினா உன் மானம் போயிடும்னு பாக்கறியா?"

"சே, அப்படியெல்லாம் இல்ல."

"சரி பாப்பா. பாட்டைப் போடறேன்."

மேலாளர் வந்த அன்று வகுப்பு அருமையாகப் போனது. தூணோரம் ஸ்பீக்கர் பக்கத்தில் நின்ற அக்கா ஒரு பாட்டைக்கூடப் பிந்தவிடவில்லை. கை மேலே போவதற்கும் தாளம் மாறுவதற்கும் இடைவெளியே தெரியவில்லை. மணல்மூட்டை ஓட்டத்தின்போது மேலாளரே கைதட்டித் தாளம் போட்டார். அது முடிந்து எல்லோரும் தண்ணீர் குடிக்க ஒதுங்கினார்கள். அடுத்து பிளாங்க். பாய்களில் வேர்வை தேங்கிக் கிடந்தது. தங்கை பல் மருத்துவரோடு பேசிக்கொண்டிருந்தாள். முதுகுக்குப் பின்னால் மேலாளரின் குரல் கேட்டது.

"கோச், இவங்க உங்க ஹெல்பரா?"

"ஆமா சார்" என்றாள் தங்கை, திரும்பாமலே.

"ஏம்மா, இந்தப் பாயெல்லாம் கொஞ்சம் துடைச்சிடுங்களேன். வழுக்கிடப் போகுது."

அவர் மரியாதைக் குறைவாக ஒன்றும் சொல்லவில்லை. ஹெல்பரிடம் யாரும் கேட்பதைத்தான் கேட்டார். தங்கை திரும்பிப் பார்த்தபோது அக்கா துணியை எடுத்துக்கொண்டு முதல் பாயின் முன்னால் மண்டி போட்டுவிட்டிருந்தாள். வலிக்கிற முட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து, ஒரு கையைத் தரையில் ஊன்றி, யார் யாரோ சிந்திய வேர்வையைத் துடைத்தாள். ஒரு பாயை முடித்து அடுத்த பாய்க்குத் தவழ்ந்தாள். பெண்களில் ஒருத்தி இடம் விட்டுக் காலை நகர்த்திக்கொண்டு, தேங்க்ஸ் அக்கா என்றாள்.

"அக்கா, விடுங்க. நான் பாத்துக்கறேன்" என்றாள் தங்கை.

யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கோச் நல்ல மனசுக்காரி என்று நினைத்திருப்பார்கள். அக்காவும் நிமிரவில்லை. "இருக்கட்டும் கோச், ஆச்சு" என்றாள்.

அந்தக் கோச் என்ற சொல் தங்கையின் நெஞ்சில் போய் விழுந்தது.

"எந்திரி அக்கா. எந்திரிங்கறேன்ல" என்று கத்திவிட்டாள். கழுத்துக்கு இறக்கியிருந்த மைக் அணைக்கப்படாமல் இருந்தது. குரல் ஸ்பீக்கரில் போய்த் தளம் முழுக்க அடித்தது. எல்லோரும் திரும்பினார்கள். ஒரு ஹெல்பரை இப்படியா அதட்டுவது என்று சிலர் முகம் சுளித்தார்கள். அவள் ஓடிப்போய் அக்காவின் கையிலிருந்த துணியைப் பிடுங்கினாள். "இவ எங்க அக்கா. என் கூடப் பிறந்தவ" என்றாள்.

பல் மருத்துவருக்கு உடனே விளங்கவில்லை. "ஏரியாக்காரங்கன்னு சொன்னீங்களே கோச்" என்றார். கேட்ட பிறகுதான் தான் கேட்டது என்ன என்பது அவருக்கே உறைத்திருக்க வேண்டும். ஷூ கயிற்றைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டார்.

சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். இறங்கவில்லை. அக்காவின் முகத்தைப் பார்த்தாள். அது வேர்வையும் சிவப்புமாக இருந்தது. இதுவரை அவர்கள் நடுவில் சாதாரண அக்காவாக, சிரித்துப் பேசி நின்றவளை, தங்கையே தெரியாது என்று தள்ளிவைத்த அக்காவாக இப்போதுதான் எல்லோரும் பார்த்தார்கள். மறைத்தது அவமானம் என்றால் சொன்னது அதைவிடப் பெரிய அவமானமாக அக்கா தலையில் போய் விடிந்தது.

"இப்ப எதுக்கு இதெல்லாம்" என்றாள் அக்கா, தரையைப் பார்த்து. "எல்லாரும் நிக்கறாங்க. கிளாஸை நடத்து." தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்து ஸ்பீக்கரிடம் போனாள். பிளாங்கிற்கான பாட்டைப் போட்டாள். வேறு வழி தெரியாமல் எல்லோரும் முழங்கையை ஊன்றிப் படுத்தார்கள். வார்த்தை நிறைந்த அந்தப் பாட்டை அன்றைக்கு ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. வகுப்பு முடிந்ததும் அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிப் போனாள். மேலாளர் பிறகு பேசுவதாகச் சொல்லிவிட்டுப் போனார். பேசினாரா என்று தெரிந்துகொள்ள அவளுக்கு வெகு நாள் ஆர்வமே வரவில்லை.

சாயங்காலம் மாமாவிடம் அவளே சொன்னாள். அக்கா மறைப்பாள் என்று தெரியும்; அதையும் அக்கா தலையில் வைக்க மனசு வரவில்லை. மாமா டிவியை அணைத்தார். கோபப்படுவார் என்று காத்திருந்தாள். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "ஆஸ்பத்திரி பூரா உன்னைப் பத்திச் சொல்லி வெச்சிருக்காம்மா அவ" என்றார்.

சமையலறையில் அக்கா பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். தங்கை கதவோரம் நின்றாள். மன்னிச்சிடு என்ற வார்த்தையை எப்படி எடுத்தாலும் அது அவளுக்கே மலிவாகத் தெரிந்தது.

"அன்னிக்கே எனக்கு விளங்கிடுச்சு" என்றாள் அக்கா. "வலிச்சுது. ஆனா சின்னதுலேர்ந்து உன்னைத் தெரியும். ஒரு நாள் தானா வந்து சொல்லுவன்னு விட்டுட்டேன். நீ எங்கிட்ட சொல்லியிருக்கலாம் பாப்பா. தனியா, இங்க, இந்த அடுப்படியில. அவ்வளவு பேர் முன்னாடி எதுக்கு?"

அக்காவிடம் சொல்வதற்குத்தான் தைரியம் வேண்டியிருந்தது. அது அவளிடம் இருக்கவில்லை.

"இனி அங்க வரல. கோபம் இல்ல. அவங்க எல்லாரும் இனிமே என்னைப் பாவம்னு பாப்பாங்க. அது எனக்கு ஒத்துவராது" என்றாள் அக்கா.

வகுப்பு நடந்தது. பழையவர்களில் சிலர் நின்றுபோனார்கள். பல் மருத்துவர் வந்தார். பயிற்சியைத் தவிர வேறு எதுவும் பேசுவதில்லை. அக்கா வரலையா என்று மட்டும், அன்றைக்கு வகுப்பில் இல்லாத யாராவது கேட்பார்கள். எங்க அக்கா இனி வர மாட்டாங்க, தப்பு என் மேல என்று அவள் சொல்வாள். ஒவ்வொரு தடவையும் காது சூடாகும்.

அக்கா விடியலில் ஆஸ்பத்திரிக்காரிகளோடு ஆற்றுப்பாலம் வரை நடக்க ஆரம்பித்தாள். வகுப்பு இல்லாத ஒரு நாள் தங்கை செருப்பு மாட்டும் அவளிடம், நானும் வரட்டுமா என்று கேட்டாள். அக்கா கொஞ்சம் யோசித்தாள். "வா. ஆனா கத்தி கித்தி விரட்டாதே. நாங்க மெதுவாத்தான் போவோம்."

தெருமுனையில் ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவிலும் சமையலறையிலும் வேலை செய்யும் பெண்கள் நின்றிருந்தார்கள். அவளைக் கண்டதும் அவர்கள் முகம் மலர்ந்தது. கோச்தானே, மைக்கில் பேசுவீர்களாமே, பாட்டெல்லாம் நீங்களே பொறுக்கிப் போடுவீர்களாமே என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அக்கா சொல்லாதது எதுவும் பாக்கி இல்லை என்று தெரிந்தது. அந்த ஒன்றைத் தவிர. தங்கையால் அவர்களை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

சலவைப் பிரிவுப் பெண் ஒருத்தி தோளைத் தடவிக்கொண்டு, ராத்திரியெல்லாம் குத்துகிறது, இதற்கு ஏதாவது பயிற்சி உண்டா என்று கேட்டாள். தங்கை அவள் கையைப் பிடித்து மெல்லத் தூக்கப் போனாள்.

"நடுரோட்டுல வேணாம். வண்டி வருது. உன் வீட்டுக்கே வந்து இவளைக் காட்டச் சொல்றேன். இப்ப நடங்க" என்றாள் அக்கா.

எல்லோரும் நடந்தார்கள். தங்கை கடைசியாக, அவர்கள் வேகத்துக்குத் தன் காலைக் குறைத்துக்கொண்டு போனாள்.