விரல்களுக்கு மட்டும் தெரிந்த சொல்

அலுவலகத்தில் அவருக்கு டெர்மினல் என்று பெயர். மவுஸைத் தொட மாட்டார். டெர்மினல் என்கிற கருப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டித் தட்டியே எல்லா வேலையையும் முடிப்பார். சரக்குக் கிடங்கின் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்ப்பது அவர் பொறுப்பு.

அத்தனை தட்டலுக்கும் தண்டம் கட்டியது அவருடைய இடது சுண்டுவிரல். கண்ட்ரோல் விசை கீழ் மூலையில், எஸ்கேப் மேல் மூலையில். இரண்டுக்கும் நடுவே வருடக்கணக்கில் நீண்டு நீண்டு, ஒருநாள் அந்த விரல் மடங்க மாட்டேன் என்றுவிட்டது. டாக்டர் கட்டுப் போட்டு ஒரு மாதம் விடுப்பு எழுதினார்.

வேறு யாராக இருந்தாலும் படுத்துத் தூங்கியிருப்பார்கள். இவர் ஒரு வயர்லெஸ் கீபோர்டை வாங்கிவந்து விசைகளை இடம் மாற்ற உட்கார்ந்தார். கேப்ஸ் லாக் இருந்த இடத்துக்குக் கண்ட்ரோல் வந்தது. எஸ்கேப் கட்டைவிரலுக்குப் போனது. இடது ஓரத்து எழுத்துகளெல்லாம் நடுவே குடியேறின. சுண்டுவிரல் இனி உட்கார்ந்து சாப்பிடலாம். மாற்றமெல்லாம் கீபோர்டுக்குள்ளேயே பதிந்துவிடும். எந்தக் கம்ப்யூட்டரோடு இணைத்தாலும் அப்படியே வேலை செய்யும். மாதம் முழுக்க அதிலேயே பழகினார்.

ஒருநாள் விடுதியில் படிக்கும் மகளுக்கு நாலு வரி எழுத அதில் உட்கார்ந்த மனைவி, திரையைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஏங்க, நான் ஒண்ணு அடிச்சா இது வேற ஒண்ணு போடுது."

"ம்."

"இந்த வீட்ல இப்படி ஏற்கெனவே ஒருத்தர் இருக்கீங்க. இது வேறயா?"

"ம்," என்றார் அவர் மறுபடியும், எதையோ படித்துக்கொண்டே.

விடுப்பு முடிந்து போன முதல் நாளே வினை காத்திருந்தது. கிடங்கின் முக்கியமான மெஷினை வாரம் ஒருமுறை அவர்தான் அணைத்துப் போடுவார். அணைத்தால் கடவுச்சொல் கேட்கும். அது இல்லாவிட்டால், பூட்டுப் போட்டவனே வந்தாலும் உள்ளே இருப்பதைத் திறக்க முடியாது. எழுதி வைக்கவே கூடாது என்பது அவரே போட்ட சட்டம். எழுதி வைத்த ஒரு குமாஸ்தாவை அழவிட்டிருக்கிறார்.

ஒரு மாதமாக யாரும் அணைக்காத அதை வழக்கம்போல் அணைத்துப் போட்டார். மெஷின் கேட்டது. விரல்களை வைத்தார். தவறு என்றது.

அந்தச் சொல் அவர் தலையில் இல்லை. நீளமாக, அர்த்தமே இல்லாத எழுத்தும் எண்ணுமாக முன்பு எப்போதோ உருவாக்கியது. பழகப் பழகத் தலை அதை மறந்து, கை மட்டும் வைத்துக்கொண்டிருந்தது. இப்போது அந்தக் கை வேறு பாடம் படித்து வந்திருக்கிறது. வீட்டிலிருந்து கொண்டுவந்த புதுக் கீபோர்டில் பழைய பழக்கம் குறுக்கே வந்தது. அலுவலகத்தின் பழைய கீபோர்டில் புதுப் பழக்கம் குறுக்கே வந்தது. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்.

வெளியே லாரிகள் ரசீது வராமல் வரிசையாக நின்றன. மேனேஜர் கதவில் சாய்ந்துகொண்டார்.

"என்ன சார், சொந்த வீட்டுச் சாவியைத் தொலைச்ச கதையா இருக்கு?"

"குடுங்க கொஞ்ச நேரம்."

"மத்தியானம் வரைக்கும்தான். அப்புறம் வெளிக் கம்பெனிக்காரங்க புது மெஷினோட வர்றாங்க. அவங்க வந்துட்டா..." என்று மேனேஜர் இழுத்தார். மீதியைச் சொல்லத் தேவையில்லை. இந்த வயதில் வெளியே போனால் யார் வேலை கொடுப்பார்கள்? டெர்மினலுக்குப் பயத்தைவிட அலுப்பாக இருந்தது. இத்தனை வருடம் உழைத்தும் ஒரு சொல்லில் வந்து நிற்கிறதே என்ற அலுப்பு.

கீபோர்டைப் பழைய நிலைக்கே திருப்பினார். ஒரு மாத உழைப்பு நொடியில் போனது. அப்படியும் வரவில்லை. விரலைப் பார்த்துப் பார்த்துத் தட்டினால் எப்படி வரும்? பார்க்காமல் தட்டியதல்லவா அது! அப்போதுதான் உறைத்தது. வழக்கமாக இதைத் தட்டும் நேரம் மனைவி போன் செய்யும் நேரம். தோளுக்கும் காதுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு, ம் கொட்டிக்கொண்டே தட்டி முடித்துவிடுவார்.

போன் போட்டார்.

"என்னங்க, நீங்களா கூப்பிடறீங்க? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"ஒண்ணுமில்ல. ஏதாவது பேசேன்."

"நிஜமாவா?"

"ம். பேசு."

அவள் பேசினாள். அவர் போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு சுவரைப் பார்த்தார். அவருக்குக் கேட்காததை நாமாவது கேட்போம்.

"குழாய் சொட்டறதை நானே ஆள் வச்சு சரி பண்ணிட்டேன். அப்புறம்... அக்கா ஊர்ல வேலை கிடைச்சிருக்குன்னு சொன்னேன்ல, அதுல சேரலாம்னு முடிவு பண்ணிட்டேன். இன்னிக்கே கிளம்பறேன். உங்க மேல கோபமெல்லாம் இல்ல. அலுத்துப்போச்சு, அவ்வளவுதான். போகவான்னு ரெண்டு தடவை கேட்டேன், ரெண்டு தடவையும் ம்னுதான் சொன்னீங்க. இன்னிக்கு நீங்களா பேசச் சொன்னதால கேட்கறேன். போகாதேன்னு சொல்றீங்களா? சொன்னா இருந்துடுவேன்."

"ம்," என்றார் அவர்.

செவிடன் காதில் ஊதிய சங்கு. சுண்டுவிரல் சுரீரென்று வலித்தது. ஆனாலும் தானாக நீண்டு, மூலையைத் தொட்டு, திரும்பி வந்தது. கடைசி விசை விழுந்தது. திரையில் எழுத்துகள் மளமளவென்று ஓடின.

"தெறந்துருச்சு!" என்று கத்தினார்.

"என்ன தெறந்துச்சு?"

"மெஷின்தான்! நீ பேசினா கை தானா ஓடும்னு நினைச்சேன், அதே மாதிரி..." என்றவர் நிறுத்தினார். மறுமுனையில் ஏதோ வண்டி இரையும் சத்தம். "எங்க இருக்கே? இப்ப என்ன சொன்னே?"

"அதுக்குத்தான் கூப்பிட்டீங்களா?" அவள் குரலில் கோபம் இல்லை. "மூணு தடவை சொல்லிட்டேங்க. நாலாவது தடவை சொல்லத் தெம்பு இல்ல. சாவி பக்கத்து வீட்ல இருக்கு. பஸ் வந்துருச்சு."

போன் அடங்கியது.

மேனேஜர் உள்ளே வந்து முதுகில் தட்டினார். "சபாஷ் சார், வேலையைக் காப்பாத்திட்டீங்க."

வெளியே முதல் லாரி கிளம்பியது. டெர்மினல் மறுபடியும் போன் போட்டு மேஜைமேல் வைத்தார். கீபோர்டைத் தூரத் தள்ளிவிட்டு, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, மணி அடித்துக்கொண்டே இருப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தார்.