துவக்குக்கு இரண்டு கால்

1

இந்தக் கதை எனக்கு ஒரு கடைத் தராசில் கிடைத்தது. சிட்னியின் வென்ட்வேர்த்வில் மரக்கறிக் கடையில், முருங்கைக்காய் நிறுக்கும் தட்டில் சிவபாலன் ஒரு பைபொட்டை வைத்தார். வேட்டைத் துவக்கின் முன்பக்கத்தில் பூட்டி நிலத்தில் ஊன்றும் இரட்டைக் கால் அது. நான் அவருக்குப் பின்னால் வெண்டிக்காயோடு நின்றேன்.

(முதலில் ‘மலைச்சரிவில் பனி இறங்கிக்கொண்டிருந்த’ என்று தொடங்கினேன். வெட்டிவிட்டேன்.)

2

கட்டட வேலையில் பலகை சுமந்து சிவபாலனின் இடது தோள் கிழிந்தது. துவக்கைத் தூக்கிப் பிடித்தால் கை நடுங்கும். போன முறை காட்டாடு சுடப் போனபோது குண்டு வயிற்றில் பட்டு ஆடு ஓடியது. அதன் கத்தலைக் கேட்டுக் கேட்டு, இரண்டு மணித்தியாலம் அவரும் கூட வந்தவனும் தேடித்தான் அதன் உயிரை முடித்தார்கள். இன்னொன்று அப்படி ஓடினால் இந்தப் பக்கம் வரவேண்டாம் என்று அந்த மலைக் காணிக்காரர் சொல்லிவிட்டார். மாதத்தில் ஒருநாள், யாரும் சிவபாலனை வேலை ஏவாத இடம் அது ஒன்றுதான்.

3

ஆகவே கால் வேண்டும். பாரமான கால் என்றால் தோள் மலையேறாது. கார்பன் கால் முந்நூற்றைம்பது டொலர். இணையத்தில் நாற்பத்தொன்பது டொலருக்கு அலுமினியக் கால் அகப்பட்டது. முந்நூறு கிராம் என்று போட்டிருந்தார்கள். தராசு நானூற்றுப் பன்னிரண்டு காட்டியது. பூட்டும் துண்டை அவர்கள் நிறுக்கவில்லை.

“என்ன சாமான் அண்ணை இது?” என்றாள் கடைக்கார மிருணாளினி.

“துவக்குக்குப் பூட்டுற கால்.”

“துவக்குக்குப் பயந்து ஓடி வந்தனாங்கள். நீங்கள் அதுக்குக் கால் வேற பூட்டுறியளோ?”

“ஆடு சுடத்தான், தங்கச்சி.”

“ஆட்டிறைச்சி நானே விக்கிறன். எத்தினை கிலோ வேணும்?”

சிவபாலன் சிரிக்கவில்லை. “திறந்த பெட்டியைத் திருப்பி எடுக்கமாட்டாங்கள். பாரம் சரிவர, மலைக்குக் கொண்டு போற ரொட்டியில ஒண்டைக் குறைக்கிறன்,” என்றார்.

4

இவ்விடத்தில் எனக்கு இவர்மேல் சந்தேகம் வந்தது. ஆடு வேதனைப்படக் கூடாது என்றா கால் வாங்கினார், காணிக்காரர் மறித்துவிடுவார் என்றா? ‘இரண்டுக்கும்’ என்று எழுதினேன். அது என் சோம்பல். உண்மையில் அவர் அந்தக் கத்தலை

(இதற்குமேல் எழுத வரவில்லை. அவரிடம் கேட்கவும் கூச்சம்.)

5

சனிக்கிழமை. சரிவில் சிவபாலன் வயிறு படக் கிடக்கிறார். துவக்கு இரண்டு காலில் நிற்கிறது. தோள் நோகிறது, ஆனால் குழல் ஆடவில்லை. எதிரே ஒரு கிடாய், பக்கவாட்டில். கூட வேலை செய்யும் சுஜீதன் அருகில் கிடந்து கிசுகிசுக்கிறான்.

“அண்ணை, இடக்கால் இறங்குதோ?”

“கொஞ்சம். கதையாதை.”

மலிவுக் காலின் பூட்டு ஒரு பல் நழுவியிருக்கிறது. அடுத்த பல் பிடிக்குமா என்று தெரியாது.

ஒரு முடிவு: கிடாய் நின்ற இடத்திலேயே விழுகிறது. எழுதிப் பார்த்தேன், மூன்று வரிதான். இன்னொன்று: கால் நழுவுகிறது, கத்தல் தொடங்குகிறது. அதையும் எழுதினேன், ஒரு பக்கம் போனது. மூன்றாவதில் அவர் சுடாமல் எழும்பி வருகிறார். சுஜீதன் துவக்கின் காலை மடக்குகிறான். மூன்றையும் கிழித்துவிட்டேன். சுடுவதா விடுவதா என்று நீங்கள் சொல்லுங்கள்.

அவர் மூச்சை அடக்கிக்கொண்டு கிடக்கிறார். கனநேரம் எடுக்காதீர்கள்.