பெரியத்தான் செய்து தந்த அலுமாரி

புது வீட்டில புது அலுமாரி செய்து முடிஞ்சு ஒரு மாசம். சிவாஜினியின்ர உடுப்பெல்லாம் இன்னும் பேஸ்மென்றுக்கை, கறுப்புக் குப்பைப் பையளுக்கைதான் கிடந்தது. விடிய அஞ்சு மணிக்கு எழும்பி, குளிருக்கை படி இறங்கிப் போய், நாலு பையையும் ஒவ்வொண்டா அவிட்டு, கையை விட்டுத் துளாவி, காலுக்குப் போட ஒரு சோடி மேஸ் எடுக்கிறதுக்கிடையில பஸ் போயிடும். மொன்றியல்ல, அவை இருக்கிற பியர்பொன்ட்ஸ் பக்கம் ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்ததுக்கு அரை மணித்தியாலம் ஸ்னோவுக்கை நிக்கவேணும். அந்த மாசத்தில மட்டும் மூண்டு தரம் அப்பிடி நிண்டவள். நிண்ட ஒவ்வொரு தரமும் பல்லைக் கடிச்சுக்கொண்டுதான் நிண்டவள்.

மேல படுக்கிற அறையிக்கை அலுமாரி சும்மா நிக்குது. சும்மா எண்டால் வெறுமனே இல்லை. மூண்டு பிரம்புக் கூடை, பற்றரியில எரியிற ஒரு பொய் லாந்தர், போத்தலுக்கை காஞ்ச கோதுமைக் கதிர் கொஞ்சம், கட்டம் போட்ட தடிச்ச சேட்டு ரெண்டு. அந்தச் சேட்டு அந்த வீட்டில ஒருத்தருக்கும் அளவில்லை. ஆரின்ரயெண்டும் தெரியாது. படம் எடுக்கிறதுக்காகக் கொழுவினது.

இவ்வளவும் ஆற்றை வேலை எண்டால், பெரியத்தான்ர வேலை. பேரின்பநாதன் எண்டு பேர். சிவாஜினியின்ர மனுசன் ரதீசன்ர மூத்த தமையன். மொன்றியலுக்கு முதல் வந்து சேந்தவர், தம்பியை ஸ்பொன்சர் பண்ணிக் கூப்பிட்டவர், பேந்து சிவாஜினியைக் கூப்பிடுறதுக்கும் அவர்தான் பேப்பரெல்லாம் நிரப்பினவர். ஆக்களின்ர வீடு திருத்திக் குடுக்கிறது தொழில். கெட்ட மனுசன் இல்லைப் பாருங்கோ. அதுதான் கரைச்சலே. கெட்ட மனுசன் எண்டால் முகத்துக்கு நேர ரெண்டு சொல்லுச் சொல்லிக் கதவைச் சாத்தலாம். இது நல்லது செய்யிறன் நல்லது செய்யிறன் எண்டு தலைக்கு மேல ஏறி இருக்கிற ஆள்.

இதுக்கு முதல் கோட்-டெ-நெய்ஜில மூண்டாம் மாடி வாடகை வீட்டில பத்தொன்பது வருசம் இருந்தவை. அவளுக்கும் ரதீசனுக்கும் மகள் சாம்பவிக்கும் சேத்து ஒரு அலுமாரி. அதைத் திறந்தால் முதல்ல மூண்டு பேற்றை வின்ரர் ஜக்கெற்றும் முகத்தில விழும். சிவாஜினியின்ர கலியாணக் கூறைச்சீலை அந்தப் பத்தொன்பது வருசமும் கட்டிலுக்குக் கீழ சூட்கேசுக்கைதான். வீடு வாங்கினபோது குசினிக்கு அது வேணும், ஹோலுக்கு இது வேணும் எண்டு அவள் ஒண்டும் கேக்கேல்லை. படுக்கிற அறையில அந்தச் சுவரை எனக்குத் தாங்கோ, எனக்கெண்டு ஒரு அலுமாரி அடிக்கவேணும் எண்டு மட்டும் கேட்டவள்.

கேட்டதோட நிக்கேல்லை, படமும் கீறி வைச்சவள். அவளுக்கு அது தெரியும். ஆஸ்பத்திரியில துணி வைக்கிற அறையிலதானே வேலை. ஒரு நாளைக்கு எத்தினை நூறு படுக்கை விரிப்பை மடிச்சு அடுக்கிறவள், எந்தத் துணிக்கு எவ்வளவு அகலத் தட்டு வேணுமெண்டு அவளுக்கு ஒருத்தரும் படிப்பிக்கத் தேவையில்லை. பட்டுச்சீலையை இறுக்கி மடிச்சால் சரிகை முறியும். அதை அகலமா மடிக்கவேணும், அப்ப தட்டு பதினெட்டு அங்குலம். ஆள் நாலடி பத்து, அப்ப மேல் தட்டு அவளின்ர கை எட்டுற உயரத்தில. வேலைக்குப் போடுற உடுப்புக்கு வாசல் பக்கமா மூண்டு கொழுக்கி. கடை விளம்பரத் தாள் ஒண்டின்ர பின்பக்கத்தில அடிமட்டம் வைச்சு வடிவாக் கீறிக் குடுத்தவள்.

பெரியத்தான் அந்தத் தாளை ஒருக்காப் பாத்தார், சிரிச்சார், மேசையில வைச்சு அதுக்கு மேல தேத்தண்ணிக் கோப்பையையும் வைச்சார்.

"தங்கச்சி, உது ஆஸ்பத்திரி அலுமாரி. நான் உமக்கு ஃபாம்ஹவுஸ் ஸ்டைலில ஒண்டு செய்து தாறன். காசு ஒரு சதம் வேண்டாம். நீர் பேசாமல் இரும்."

அவள் பேசாமல்தான் இருந்தவள். அது அவள் விட்ட பிழை.

மூண்டு கிழமை கராஜுக்கை ஒரே சத்தம். எட்டிப் பாத்தால், பெரியத்தான் கடையில புதுசா வாங்கின பைன் பலகையைக் கீழ கிடத்திப் போட்டு, சங்கிலியால அடிக்கிறார். மாட்டுக்கு அடிக்கிறமாதிரி. அடிச்ச பிறகு காஸ் நெருப்பால கருக்கிறார். என்னத்துக்கு அத்தான் நல்ல பலகையை இப்பிடிச் செய்யிறியள் எண்டு கேட்டதுக்கு, பழசாக்கிறனாம், வெள்ளைக்காரர் இப்ப உதுக்குத்தான் அலையினமாம். கதவு வந்துது, அது இன்னொரு கூத்து. அப்பிடி அடிச்ச ஆறங்குலப் பலகையளைப் பக்கம் பக்கமா வைச்சு ஆணி அடிச்சு, மேல கறுப்பு இரும்புத் தண்டவாளம் பூட்டி, தள்ளித் திறக்கிற கதவு. மாட்டுக் கொட்டிலுக்குப் போடுறது. சாம்பவி அதைப் பாத்திட்டு, மாடு எப்ப வருது பெரியப்பா எண்டு கேட்டாள். அவருக்கு அது விளங்கேல்லை.

வேலை முடிஞ்ச அண்டு கூடையையும் லாந்தரையும் அவரே அடுக்கிப்போட்டு, ஒரு கிழமைக்கு உடுப்பு வைக்காதேங்கோ, படம் எடுக்கவேணும், உம்மடை சீலைக் கலரெல்லாம் இதுக்குப் பொருந்தாது எண்டு சொல்லிப்போட்டுப் போனார். சரி, ஒரு கிழமைதானே.

படம் எடுத்து இன்ரநெற்றில போட்டார். அந்தப் படத்தைப் பாத்து ஆக்கள் கேக்கத் துவங்கிச்சினம். சனிக்கிழமை சனிக்கிழமை ஆக்களைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டத் துவங்கினார். மணி அடிக்கிறது, சப்பாத்தைக் கழட்டுறது, நேர மேல ஏறுறது. சிவாஜினியின்ர படுக்கிற அறை அவற்றை கடையாப் போச்சு. ஒரு சனி அவள் குளிச்சிட்டுத் தலையில துவாயோட வெளியில வாறாள், முன்பின் தெரியாத ரெண்டு பேர் அவளின்ர கட்டிலுக்குப் பக்கத்தில நிண்டு டேப் பிடிச்சு அளக்கினம். பொஞ்சூர் மடாம் எண்டு வணக்கமும் சொல்லிச்சினம். அவள் திரும்பி பாத்ரூமுக்கை போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு, அவை போகுமட்டும் தொட்டியின்ர விளிம்பில இருந்தவள். சொந்த வீட்டில.

அம்மா உங்கட ரூம் இப்ப மியூசியம் எண்டாள் சாம்பவி. ரதீசனிட்டச் சொன்னால், அவன் கண்ணாடியைக் கழட்டித் துடைக்கிறான். அண்ணையிட்ட உதை எப்பிடிச் சொல்லுறது, சும்மா செய்து தந்தவரெல்லோ, இன்னும் ரெண்டு கிழமை பொறுமன் எண்டுறான். அப்பிடியே நாலு கிழமையாச்சு.

நாலாம் கிழமை வெள்ளிக்கிழமை, திரும்பவும் பஸ்ஸை விட்டு, வேலைக்குப் பிந்திப் போய், மேற்பார்வைக்காரியிட்டப் பேச்சும் வாங்கிக்கொண்டு வீட்டை வந்தவள், பூட்ஸைக் கழட்டின கையோட பேஸ்மென்றுக்குப் போனாள். நாலு பையையும் ஒவ்வொண்டா மேல இழுத்துக்கொண்டு வந்தாள். கூடை, லாந்தர், கதிர், சேட்டு எல்லாத்தையும் தூக்கி வெளியில படிக்கட்டடியில வைச்சாள். சீலையளை ஒவ்வொண்டா மடிச்சு அடுக்கினாள். பச்சை, மாம்பழக் கலர், ஊதா, எல்லாத்துக்கும் மேல கூறைச்சீலை. அந்தத் தட்டு பன்ரெண்டு அங்குலம். ஏனெண்டால் கூடை பன்ரெண்டு அங்குலம். சீலையெல்லாம் வெளியில துருத்திக்கொண்டு நிக்குது. சரி, நிண்டால் நிக்கட்டும் எண்டு கதவை இழுத்தாள். சங்கிலியால அடிச்சுச் செதில் செதிலா நிண்ட பலகையெல்லோ. கூறையின்ர கரையில கொழுவி, ஒரு சாண் நீளத்துக்குக் கிழிச்சுக்கொண்டுதான் கதவு நிண்டுது.

ரதீசன் ஓடி வந்து பாத்தான். தைக்கலாம்தானே எண்டான்.

அண்டைக்குச் சோறும் அவனேதான் போட்டுச் சாப்பிட்டவன்.

அடுத்த நாள் பத்து மணிக்கு மணி அடிச்சுது. பெரியத்தான், கூட ஒரு இளம் பொம்பிளைப் பிள்ளை. அனுப்ரியா எண்டு பேர், இந்தியாப் பிள்ளை, கொம்பியூட்டர் வேலை, பக்கத்து ரொக்ஸ்பரோவில இப்பதான் வீடு வாங்கினது. மற்ற நாள் எண்டால் சிவாஜினி குசினிக்கை ஒளிஞ்சிடுவாள். அண்டைக்குக் கட்டில்லயே இருந்தாள், எழும்பேல்லை.

பெரியத்தான் உள்ளுக்கை வந்தவர் அலுமாரியைக் கண்டிட்டு நிண்டிட்டார். முகம் ஒருமாதிரிப் போச்சு. பேந்து அந்தப் பிள்ளையைப் பாத்துச் சிரிச்சுக்கொண்டு, ஒரு நிமிசம் பிள்ளை, இவை இதைக் கலைச்சுப் போட்டினம் எண்டு சொல்லி, தன்ர கையாலயே சீலையளை எடுக்கத் துவங்கினார். சாம்பவி, ஒரு கறுப்புப் பை கொண்டு வா எண்டு கீழ குரலும் குடுத்தார். ரதீசன் வாசல்ல நிண்டு பாத்துக்கொண்டு நிக்கிறான். பெரியத்தான்ர கை கூறையில பட்டுது.

"அத்தான், அதை வையுங்கோ."

பத்தொன்பது வருசத்தில அவள் அவரோட அந்தக் குரல்ல கதைச்சதில்லை. அவர் வைச்சார். பயந்து இல்லை, திகைச்சு.

சிவாஜினி எழும்பி அந்தப் பிள்ளையிட்டப் போனாள். உம்மிட்டப் பட்டுச்சீலை இருக்கோ எண்டு கேட்டாள். "இருக்குக்கா, ஒரு பதினஞ்சு இருக்கும். எல்லாம் இன்னும் சூட்கேஸ்லயேதான் கெடக்கு" எண்டுது பிள்ளை. அப்ப இதைப் பாரும் எண்டு ஊதாச் சீலையைத் தட்டில வைச்சுக் கதவை மெல்ல இழுத்தாள். கதவு சீலையில முட்டி நிண்டுது. பேந்து கூறையை விரிச்சுக் கிழிஞ்ச இடத்தைக் காட்டினாள். அது என்ன சீலை எண்டு ஒருத்தரும் அந்தப் பிள்ளைக்குச் சொல்லத் தேவைப்படேல்லை. ஐயோ எண்டு மெல்லமாச் சொல்லிச்சுது.

பெரியத்தான் தொண்டையைச் செருமினார். தட்டுக்கு ஏத்தமாதிரிச் சீலையை மடிக்கப் பழகவேணுமாம். ஃபாம்ஹவுஸ் ஸ்டைலில தட்டு பன்ரெண்டுதானாம்.

"அந்த ஃபாமில ஆர் அத்தான் பட்டுச்சீலை உடுத்தவை?"

அந்தப் பிள்ளை வாயைப் பொத்திச்சுது. பெரியத்தான்ர காது ரெண்டும் சிவந்துது. அவளை விட்டிட்டுத் தம்பியைத் திரும்பிப் பாத்தார். "இதுக்கோடா நான் உங்களை இஞ்சை கூப்பிட்டனான்?" எண்டார்.

அதுதான் அவற்றை கடைசி ஆயுதம். அதை எடுத்தால் அந்த வீட்டில எல்லாரும் தலையைக் குனிவினம். ரதீசன் அப்பவும் குனிஞ்சான்.

"நீங்கள் கூப்பிட்டனீங்கள், நாங்கள் வந்தம்" எண்டாள் சிவாஜினி. "அதுக்குப் பத்தொன்பது வருசமா உங்கட சொல்லுக்கு மறு சொல்லுச் சொல்லேல்லை. ஆனா என்ர கட்டிலடியில ஊராக்கள் நிக்க, நான் பாத்ரூமுக்கை ஒளிஞ்சிருக்க ஏலாது. இது என்ர அலுமாரி அத்தான். உங்கட கடை இல்லை."

மேசை லாச்சியைத் திறந்து அந்தத் தாளை எடுத்தாள். தேத்தண்ணிக் கோப்பையின்ர வட்டம் இன்னும் அதில கிடக்கு. அவற்றை கையில வைச்சாள்.

"பதினெட்டு அங்குலம். வாற சனி வாங்கோ. ஆக்களோட வேண்டாம், பலகை அரியிற வாளோட வாங்கோ."

அவர் தாளைக் கட்டில்ல போட்டிட்டு இறங்கிப் போனார். போற வழியில படிக்கட்டடியில இருந்த லாந்தரை மட்டும் தூக்கிக்கொண்டு போனார். அனுப்ரியா போகமுதல், இதை ஒரு போட்டோ எடுத்துக்கட்டுமாக்கா எண்டு கேட்டிட்டு, போனை எடுத்து அந்தத் தாளைப் படம் பிடிச்சுது. அலுமாரியைப் பிடிக்கேல்லை.

அந்தக் கிழமை முழுக்க ரெலிபோன். பெரியத்தான்ர மனுசி, ரொறன்ரோவில இருக்கிற மச்சாள், ஆர் ஆரோ. நன்றி கெட்டவள், வாய்க்காரி, வீடு வாங்கினவுடன திமிர் எண்டெல்லாம் கதை. சிவாஜினி எல்லாருக்கும் ஓம் ஓம் எண்டு சொல்லி வைச்சாள்.

சனி வந்துது. மத்தியானம் மட்டும் பாத்தாள். பெரியத்தான் வரேல்லை. ரதீசனிட்டத் திருகாணி கழட்டுற ஸ்குறூட்றைவரைக் கொண்டு வரச் சொன்னாள். இன்னும் ஒரு கிழமை பாப்பமே எண்டு அவன் வாயெடுத்தான். அவள் கூறைச்சீலையைக் கையில எடுத்தாள். அவன் போய்க் கொண்டு வந்தான். ரெண்டு பேருமாக் கதவைக் கழட்டிக் கீழ கிடத்திச்சினம். ஆணியைப் பிடுங்கப் பிடுங்கப் பலகை தனித்தனியா வந்துது. ஒவ்வொண்டும் ஆறங்குலம். பன்ரெண்டும் ஆறும் எவ்வளவு எண்டு அவளுக்குத் தெரியும். பலகையை வெட்ட வைச்சு, செதிலெல்லாம் உரஞ்ச வைச்சு, ஒவ்வொரு தட்டுக்கும் முன்னால ஒண்டொண்டா அடிக்க வைச்சாள். கோணலாத்தான் அடிச்சான். பரவாயில்லை எண்டு அவள் சொல்லேல்லை, கழட்டித் திரும்ப அடிக்கச் சொன்னாள். இரும்புத் தண்டவாளத்தைப் பெரியத்தான்ர வீட்டு வாசல்ல வைச்சிட்டு வரச் சொல்லி அவனையே அனுப்பினாள்.

திங்கக்கிழமை விடிய லைற்றும் போடாமல் கையை நீட்டி வேலை உடுப்பை எடுத்தாள். பஸ் வர அஞ்சு நிமிசம் முந்தியே போய் நிண்டாள்.

கூறையைத் தைக்கக் குடுக்கேல்லை. ரெண்டாம் தட்டில, கண்ணுக்கு நேர, கிழிஞ்ச பக்கம் வெளியில தெரிய வைச்சிருக்கிறாள். அலுமாரிக்குத்தான் இப்ப கதவு இல்லையே. பெரியத்தான் எப்ப கோவம் ஆறி வந்தாலும் முதல்ல அதுதான் அவற்றை கண்ணில படும்.