சாட்சிக் கையெழுத்து

மாடிப்படியில் டெஸ்ஸா இறங்கி வரும் சத்தம் கேட்டதுமே அர்லீன் ஷ்மிட்கே சமையலறை டிவியின் சத்தத்தைக் குறைத்தாள். வாடகைக்கு இருக்கும் பெண் கீழே வருகிறாள் என்றால் புகார் என்றுதான் அர்த்தம். வெந்நீர் வரவில்லை, ஜன்னல் பெயின்ட்டில் ஒட்டிக்கொண்டு திறக்க மாட்டேன் என்கிறது, ஸ்விட்சைத் தொட்டால் பொறி பறக்கிறது. நர்ஸ் படிப்புக்கு வந்தவளுக்கு அடுத்தவர் வீட்டைப் பற்றி என்ன இவ்வளவு அக்கறை? இந்த முறை அவள் கையில் ஒரு உறையும் கறுப்புப் பேனாவும் இருந்தன.

"மிஸஸ் ஷ்மிட்கே, ஒரு அஞ்சு நிமிஷம் இருக்குமா? தபால் ஓட்டு. யாராவது ஒருத்தர் சாட்சிக் கையெழுத்துப் போடணும்."

அர்லீன் உட்காரச் சொல்லவில்லை. "செவ்வாய்க்கிழமை நேர்லயே போய்ப் போட வேண்டியதுதானே? ஓட்டுச்சாவடி லைப்ரரிலதான், அதுவும் பக்கத்துத் தெருவுலதான இருக்கு."

"அன்னிக்கு ஆஸ்பத்திரியில பயிற்சி. விடியறதுக்கு முன்னாடி போனா இருட்டினப்புறம்தான் வருவேன்."

"உங்க ஊர்ல உனக்கு ஓட்டு இல்லையா? அங்க ஒண்ணு, இங்க ஒண்ணா?"

டெஸ்ஸா சிரித்தாள். "ஏதாவது ஒரு இடத்துலதான் போட முடியும். வருஷம் பூரா இங்கதானே கிடக்கேன், அதான் இங்கயே பதிஞ்சுக்கிட்டேன்."

அதுதான் அர்லீனை உறுத்தியது. பெரிய பதவிகளுக்கு யார் வந்தால் அவளுக்கென்ன? வாக்குச்சீட்டின் பின்பக்கம் இந்த ஊருக்கென்று ஒரு கேள்வி இருந்தது: வாடகை வீடுகளை நகராட்சி வருஷா வருஷம் வந்து சோதனை போடலாமா, கூடாதா? போடலாம் என்று ஓட்டுப் போடச் சொல்லி கல்லூரிப் பிள்ளைகள் வீடு வீடாக நோட்டீஸ் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். படித்து முடித்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விடுவார்கள், இருந்து அனுபவிக்கப்போவது யார்? அர்லீன் வீட்டு மாடி ஒயரிங் அவள் மாமனார் காலத்தது. சோதனைக்கு வருகிறவன் முதல் அறையிலேயே மாடியை மூடச் சொல்லிவிடுவான். மாடி வாடகை நின்றால் வீட்டை விற்க வேண்டியதுதான். புருஷன் போன பிறகு அவளுக்கென்று மிஞ்சியிருப்பது இந்த வீடு ஒன்றுதான், அதுவும் போய்விடும் என்று நினைத்தாலே அவளுக்குப் பயமாக இருந்தது.

"மேல மத்த பொண்ணுங்க இல்லையா?"

"வெள்ளிக்கிழமை இல்ல? ஊரே மீன் வறுவல் சாப்பிடப் போற நாளாச்சே, ரெண்டு பேரும் கிளம்பிட்டாங்க. எனக்கு இன்னிக்கே இதை முடிச்சாகணும்."

காரணம் சரியாகத்தான் இருந்தது. அவ்வளவு சரியாக இருந்ததே அர்லீனுக்குப் பிடிக்கவில்லை. சமையலறையையும் ஒரு நோட்டம் விட்டுவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறாளோ என்னவோ.

டெஸ்ஸா சீட்டை விரித்து இரண்டு பக்கமும் காட்டினாள். "பாத்துக்குங்க, இன்னும் ஒண்ணும் போடலை." பிறகு மேஜையில் இருந்த கார்ன்ஃப்ளேக்ஸ் டப்பாவை எடுத்து இருவருக்கும் நடுவில் நிறுத்தினாள்.

"நான் என்ன எட்டியா பாக்கப் போறேன்?" என்றாள் அர்லீன். கேட்கும்போதே அவள் கழுத்து கொஞ்சம் நீண்டுதான் இருந்தது.

"விதி அப்படி. நீங்க பாக்கக் கூடாது, ஆனா கூடவே இருக்கணும்."

இது என்ன கூத்து? பார்க்கக் கூடாதென்றால் அப்புறம் எதற்குச் சாட்சி? அர்லீன் கையைக் கட்டிக்கொண்டு பேனாச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பேனா நின்று நின்று ஓடியது. சீட்டைத் திருப்பும் சத்தம் கேட்டது. பின்பக்கம். பேனா ஓடவில்லை. டப்பாவுக்கு மேலே தெரிந்த டெஸ்ஸாவின் கண்கள் மெல்ல நிமிர்ந்து, கூரையில் விளக்கைச் சுற்றிக் கருகியிருந்த இடத்துக்குப் போய், அங்கேயே சற்று நின்று, மறுபடி தாழ்ந்தன. பேனா ஓடியது. போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள் அர்லீன்.

டெஸ்ஸா சீட்டை உறையில் போட்டு ஒட்டி, தன் கையெழுத்தைப் போட்டு, உறையை அவள் பக்கம் நகர்த்தினாள். அதில் சாட்சி நிரப்ப மூன்று இடங்கள்: கையெழுத்து, பெயர், முகவரி. போன தேர்தலில் வாக்கு எண்ணும் மேஜையில் வேலை பார்த்த டாரிஸ், சர்ச்சில் காபி குடிக்கும்போது சொன்னது அர்லீனுக்கு ஞாபகம் வந்தது. சாட்சியின் முகவரி இல்லாத உறைகளைத் தனியாக எடுத்து வைத்துவிட்டார்களாம். சொல்லியனுப்பியும் பிள்ளைகள் பாதிப் பேர் திருத்த வரவில்லையாம், அந்த ஓட்டெல்லாம் வீணாம்.

அர்லீன் கையெழுத்துப் போட்டாள். பெயரைத் தெளிவாக எழுதினாள். பேனாவை மூடி, உறையைத் திருப்பித் தள்ளினாள். வயசானவள், மறதி. யார் என்ன சொல்ல முடியும்?

டெஸ்ஸா உறையை எடுக்கவில்லை. அதைப் பார்த்தாள், பிறகு அர்லீனைப் பார்த்தாள். பேனா மூடியைக் கழற்றி, உறையை மறுபடி அவள் பக்கம் திருப்பி வைத்தாள்.

"அட்ரஸ், மிஸஸ் ஷ்மிட்கே. மறந்துட்டீங்க போல."

"கண்ணாடி போடலைம்மா, அதான்."

கண்ணாடி அவள் மூக்கின் மேலேயே இருந்தது. அர்லீன் முகவரியை எழுதினாள். தன் வீட்டு எண்ணை எழுத அவளுக்கு இத்தனை நேரம் ஆனதே இல்லை. டெஸ்ஸா உதட்டசைவில் எழுத்து எழுத்தாகப் படித்துப் பார்த்துவிட்டு உறையை எடுத்துக்கொண்டாள்.

"வெளிய பனிமழை கொட்டுது. இங்க வெச்சிட்டுப் போயேன், காலையில தபால்காரன் வந்தா நான் குடுத்துடறேன்." உண்மையிலேயே கொடுத்துவிடத்தான் சொன்னாளா என்று அர்லீனுக்கே தெரியவில்லை.

"பரவாயில்ல. நானே பாத்துக்கறேன்."

கதவு சாத்திக்கொண்டது. அர்லீன் சமையலறை ஜன்னலுக்குப் போனாள். டெஸ்ஸா பாதை ஓரத்தில் இருந்த வீட்டுத் தபால் பெட்டியருகே நின்றாள். உறையை உள்ளே வைத்து, பக்கவாட்டில் இருக்கும் சிவப்புக் கொடியைத் தூக்கிவிட்டால் போதும், தபால்காரன் எடுத்துக்கொண்டு போய்விடுவான். அவள் கை பெட்டிக் கதவு வரைக்கும் போனது. அப்படியே திரும்பி வீட்டைப் பார்த்தாள். சமையலறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, அர்லீனால் சட்டென்று விலகிக்கொள்ள முடியவில்லை. அந்தப் பெண் கோட்டைத் திறந்து உறையை நெஞ்சோடு உள்ளே வைத்து, ஜிப்பைக் கழுத்து வரை இழுத்து மூடிக்கொண்டு, அந்தப் பனிமழையில் ஊரின் மறுகோடியில், நகராட்சி அலுவலக வாசலில் தபால் ஓட்டுக்கென்று வைத்திருக்கும் பெட்டியை நோக்கி நடக்கத் தொடங்கினாள்.