ஒசாகாவில் பார்த்துக்கலாம்

போட்டி பார்க்க ஊர் தேர்ந்தெடுப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற திமிர் எனக்கு உண்டு. பனிச்சறுக்கு நடனப் போட்டிகளின் அட்டவணை வந்ததும் சென்டாய் நகரத்து ரசிகைகள் எனக்குத்தான் போன் செய்வார்கள். ரயில் நிலையத்திலிருந்து அரங்கம் நடக்கும் தூரமா, உட்கார்ந்தால் முழங்கால் விறைக்குமா, பனித்தளத்தை வண்டி விட்டு வழவழப்பாக்கும் இடைவேளைக்குள் பெண்கள் கழிப்பறை வரிசை முடியுமா, வெளியே வந்தால் சூடாக ஒரு கிண்ணம் ராமென் நூடுல்ஸ் கிடைக்குமா. இதிலெல்லாம் பாஸானால்தான் எனக்கு அது ஊர்.

குரோசாகி ஒன்றில்கூட பாஸாகவில்லை. வடக்கே ஒரு துறைமுகம், எப்போதாவது வரும் பேருந்து, அவ்வளவுதான். இந்த வருடம் கிழக்கு ஜப்பான் தகுதிச் சுற்றை அங்கே வைத்துவிட்டார்கள்.

"நவம்பர்ல அங்க போய் எதுக்கு விறைக்கணும்? டிசம்பர்ல தேசியப் போட்டி ஒசாகாவுல. மகினோ எப்படியும் வருவான். அங்க பார்த்துக்கலாம்" என்றேன் என் தோழி தெருயோவிடம்.

"தகுதிச் சுற்றுல தோத்துட்டா?"

"வாயக் கழுவு. இத்தனை வருஷத்துல ஒரு தடவை தோத்திருக்கானா?"

"நீ அவனைப் பார்க்கப் போறியா, ராமென் சாப்பிடப் போறியா?"

மகினோவைச் சிறு பையனாக இருந்தபோதிலிருந்து நாங்கள் இருவரும் பார்த்து வருகிறோம். பதக்கம் வாங்கும் ஆள் இல்லை. ஆனால் இரண்டு கைகளையும் விரித்து அவன் திரும்பும்போது எனக்குக் கண் இமைக்கத் தோன்றாது. பல்கலைக்கழகப் படிப்பு முடிந்ததும் பெரும்பாலான பிள்ளைகள் ஆட்டத்தை விட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். அவனும் இதுதான் கடைசி வருடம் என்று சொல்லிவிட்டான். அந்தக் கடைசி ஆட்டத்தை நேரில் பார்த்தே தீர வேண்டும் என்பதுதான் எங்கள் இருவருக்கும் இருந்த ஒரே ஆசை.

தகுதிச் சுற்றின் முதல் நாள், நான் வேலை செய்யும் பல் மருத்துவமனையில் மேசைக்கடியில் போனை வைத்து நேரலை பார்த்தேன். மகினோ இரண்டு முறை விழுந்தான். பட்டியலில் எங்கோ அடியில் போய்விட்டான். இரண்டாம் நாள் ஆட வேண்டிய நீண்ட ஆட்டத்திலும் தவறினால் ஒசாகா இல்லை, அதோடு எல்லாம் முடிந்தது.

தெருயோவை அழைத்தேன். "நாளைக்கே கிளம்புவோம்."

"முதல் ரயிலுக்கா?"

"அடுத்தது போதும். அவன் எப்பவும் கடைசிக் குழுதானே, சாயங்காலம் ஆயிடும்."

ரயிலில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்தேன், உட்கார்ந்தேன், வாங்கிய காபியைக் குடிக்க மறந்தேன். போனில் ஆட்ட வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்த தெருயோ மெதுவாகத் தலை தூக்கினாள்.

"சுமியே, அவன் ரெண்டாவது ஆளு."

நேற்றுப் பின்தங்கியவர்கள்தான் இன்று முதலில் ஆட வேண்டும். சின்னக் குழந்தை ரசிகைக்குக்கூடத் தெரிந்த விதி. அவன் பின்தங்குவான் என்று என் மூளை ஒருபோதும் எண்ணியதில்லை, அதனால் கணக்கும் போடவில்லை.

இறங்கியபோது பேருந்து இல்லை, டாக்ஸியும் இல்லை. இரண்டு பேரும் மூச்சு வாங்க ஓடினோம். அரங்கின் உள்வாசலில் கறுப்புத் திரை. அதன் முன் தடித்த கோட்டு போட்ட ஓர் ஆள். உள்ளே அவனுடைய இசை ஓடிக்கொண்டிருந்தது.

"ஆட்டம் நடக்கும்போது உள்ள விடக் கூடாதும்மா. முடியட்டும்."

"கெஞ்சிக் கேக்கறேங்க, இது அவனோட கடைசி…"

"யாரா இருந்தாலும் விதி ஒண்ணுதாம்மா."

கத்தியிருப்பேன். ஆனால் என் கூச்சல் அவன் காதில் விழுந்து கால் தடுமாறினால்? பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். சறுக்குக் காலணியின் கத்தி பனியைக் கிழிக்கும் சத்தம், ஒரு கணம் அமைதி, பிறகு கைதட்டல். மறுபடி அமைதி, மறுபடி கைதட்டல். அந்த ஆள் திரை இடுக்கு வழியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்ததெல்லாம் அவர் முதுகுதான்.

இசை நின்றது. திரை விலகியபோது மகினோ வணங்கி முடித்துப் பனியை விட்டு இறங்கிக்கொண்டிருந்தான்.

"எப்படி ஆடினான்?" என்று தெருயோ அந்த ஆளிடம் கேட்டாள்.

"அருமைங்க. ஒரு தடவைகூட விழல."

அந்த மதிப்பெண்ணில், அதுவரை ஆடியவர்களில் அவன் முதலிடத்தில் உட்கார்ந்தான். இனி மற்றவர்கள் தவறினால் அவனுக்கு ஒசாகா உண்டு. அதன்பின் நான் செய்தது எந்த ரசிகையும் செய்யக் கூடாதது. வந்த ஒவ்வொரு பிள்ளையும் விழ வேண்டும் என்று வேண்டினேன். சிலர் விழுந்தார்கள். கூசாமல் மகிழ்ந்தேன். மகினோ படிப்படியாகக் கீழே இறங்கி, தேர்வு பெறும் கடைசி இடத்தில் தொங்கிக்கொண்டிருந்தான். மீதி இருந்தது ஒரே ஒரு பையன். ஒல்லியான, பெயர் தெரியாத உள்ளூர்ப் பிள்ளை. அவன் விழவில்லை.

மதிப்பெண் வந்ததும் மகினோ பட்டியலிலிருந்து வெளியே போனான்; அந்த உள்ளூர்ப் பையன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான். அரங்கமே எழுந்து நின்றது. என் கைகள் மடியிலேயே கிடந்தன. தெருயோ எழுந்து, என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்.

"கைதட்டு. இவனையாவது முழுசாப் பார்த்தோம்."