விருந்தாளித் தண்ணீர்

சாயத் தொழிற்சாலையில் எல்லோரும் அவளைப் 'பாட்டில் மேடம்' என்பார்கள். தண்ணீர் மாதிரி எடுக்கும் பாட்டிலோடு எந்நேரமும் திரிவதால் வந்த பெயர். வேறு அர்த்தம் தேட வேண்டாம். ஆலைக்குப் பின்னாலிருந்த தெருவுக்கு நிர்வாகம் ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டிக் கொடுத்திருந்தது. அந்தத் தண்ணீரைச் சோதித்துக் கையெழுத்துப் போடுவதும் அவள் வேலைதான்.

தொட்டியை அவள் நிமிர்ந்து பார்ப்பதே இல்லை. நீலப் பெயிண்ட் அடித்து, 'பொறுப்பான தொழில், உறுதியான சமூகம்' என்று ஆள் உயரத்துக்கு எழுதி வைத்திருந்தார்கள். தண்ணீர் ஏறுவதோ கழிவுக் குட்டையிலிருந்து நாற்பதடி தள்ளிப் போட்ட ஆழ்துளைக் கிணற்றிலிருந்து. நிறமும் இல்லை, நாற்றமும் இல்லை; சோதித்தால் மட்டும் சாயக் கழிவின் விஷமான குரோமியம் எகிறும். தொட்டி கட்டி எட்டு மாதம். மாதா மாதம் 'குடிக்க ஏற்றது' என்று அச்சடித்த தாளை மேனேஜர் நீட்டுவார். வேலை போய்விடுமே என்ற பயத்தில் அவளும் கையெழுத்துப் போடுவாள்.

கூடப் பிறந்த அக்கா அதே தெருவில்தான் இருந்தாள். அவளும், ஏழு மாதக் கர்ப்பிணியான அவள் மகளும் அதைத்தான் குடித்தார்கள். "எங்க தங்கச்சி கையெழுத்துப் போட்ட தண்ணியாக்கும்" என்று அக்கா தெரு முழுக்கத் தம்பட்டம் அடிப்பாள். அக்காவிடம் மட்டுமாவது சொல்லியிருக்கலாம். ஆனால் அக்கா வாயில் எதுவும் தங்காது. மறுநாளே தெரு மொத்தமும் ஆலை கேட்டில் வந்து நிற்கும். அதனால் சொல்லவில்லை. என்ன ஜென்மமோ.

இந்த லட்சணத்தில் ஆலைக்கு 'பொறுப்பான நிறுவனம்' விருது கொடுக்க ஒருநாள் ஒரு குழு பார்வையிட வருவதாக இருந்தது. மேனேஜர் அன்று காலை ஆறு மணிக்கே 'விருந்தாளித் தண்ணி'யை இறக்கிவிட்டார். ஆய்வுக்கு ஆள் வரும் நாளில் மட்டும் லாரியில் வந்து தொட்டியில் விழும் நல்ல தண்ணீருக்கு ஆலைக்குள் அதுதான் பெயர். நாக்கூசாமல் சொல்வார்கள்.

தெருப் பெண்களை மட்டும் யாரும் கணக்கில் எடுக்கவில்லை. துணி துவைக்க உட்கார்ந்த ஒருத்தி, சோப்பு இப்படி நுரைத்து எத்தனை நாளாயிற்று என்று கத்தினாள். அவ்வளவுதான். குடம், வாளி, அண்டா, குழந்தை குளிக்கும் டப் வரைக்கும் வரிசையில் வந்து நின்றது. பத்து மணிக்குள் தொட்டி வற்றிவிட்டது. மோட்டார் தானாக ஓடி, பழைய தண்ணீரையே ஏற்றி வைத்தது.

அவள் மாதிரி எடுத்து மருந்தை ஊற்றினாள். சோதனைக் குழாயில் வழக்கம்போல, குரோமியம் இருந்தால் வரும் ஊதா நிறம் படர்ந்தது. ஓடிப்போய் மேனேஜரிடம் சொன்னாள்.

"கண்ணுக்கா தெரியப் போகுது? பேசாம கையெழுத்தப் போடுங்க."

"வர்றவங்க குடிச்சுப் பார்த்தா?"

"ஒரு டம்ளர்ல என்ன ஆயிடும்?"

"தெருவுல எட்டு மாசமா குடிக்கிறாங்க சார்."

"அவங்களுக்குப் பழகியிருக்கும்" என்று அவர் கைக்குட்டையால் ஷூவைத் துடைத்துக்கொண்டார். அந்தக் கைக்குட்டையை அவர் வாயிலேயே திணிக்கலாம் போலிருந்தது. ஆனாலும் அவள் கையெழுத்துப் போட்டாள்.

விருந்தாளிகள் மூன்று பேர். நரைத்த தலையோடு முன்னால் வந்த அம்மாள் தொட்டியடியில் நின்று தெருக்காரர்களிடம் விசாரித்தார்.

"இன்னிக்கு வந்தது அருமைங்க. தினமும் இப்படி வந்தா எவ்வளவு நல்லா இருக்கும்" என்றாள் சோப்புக்காரி.

மேனேஜர் பல்லிளித்தார். "தினமும் இதே தண்ணிதான் மேடம்."

அந்த அம்மாள் புருவத்தைச் சுருக்கி, "சோதிக்கிறது யாரு?" என்றார்.

"எங்க தங்கச்சிதாங்க" என்று அக்கா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். மகளையும் கையோடு இழுத்து வந்திருந்தாள். "வயித்துப் பிள்ளக்காரி, இவளே இதைத்தாங்க குடிக்கிறா. பாருங்க." குழாயைத் திறந்து டம்ளர் நிறையப் பிடித்து மகளிடம் நீட்டினாள். வெயிலில் வாடி நின்ற பெண் ஆவலாக வாங்கி வாயருகே கொண்டுபோனாள்.

பாட்டில் மேடம் டம்ளரைத் தட்டிவிட்டாள். தண்ணீர் மேனேஜரின் ஷூவில் கொட்டியது.

"குடிக்காதே. விஷம் அது."

"சும்மா டென்ஷன்ல பேசறாங்க" என்று ஆரம்பித்தார் மேனேஜர். அந்த அம்மாள் கையை உயர்த்தி அவரை நிறுத்தினார்.

அக்கா அவர்கள் பக்கம் திரும்பவே இல்லை.

"உனக்கு எப்போலேருந்து தெரியும்?"

"தொட்டி கட்டின நாள்லேருந்து தெரியும்க்கா."

அக்கா மகளின் வயிற்றைப் பார்த்தாள். பிறகு தங்கையைப் பார்த்தாள், செருப்பில் ஒட்டிக்கொண்டதைப் பார்ப்பதுபோல.

"நேத்து சாயங்காலம் நம்ம வீட்டுல இவ என்கிட்ட ரெண்டு டம்ளர் வாங்கிக் குடிச்சாளே. அப்போ நீ எதிர்லதானே உட்கார்ந்து சிரிச்சுப் பேசிக்கிட்டிருந்தே?"