நாடக மன்றத்துச் செயலாளர்

உடுப்பிட்டியில் இருந்து சைக்கிள் மிதித்து வந்த வழியெல்லாம் பத்மாசினியின் காதில் அண்ணன் கனகரத்தினத்தின் குரல்தான். "நாடகம் கீடகம் எண்டு அங்கை போய்க் கதைச்சுப்போடாதை. விளையாட்டுப் பிள்ளை எண்டு நினைப்பினம். படிப்பை மட்டும் சொல்லு."

அது தொண்ணூற்றொன்றாம் ஆண்டு. இடம்பெயர்ந்த சனத்துக்கு உதவும் நிறுவனமொன்று கொக்குவிலில் ஒரு வீட்டை எடுத்து அலுவலகம் நடத்திக்கொண்டிருந்தது. முகாம் அமைப்பாளர் வேலைக்கு ஒரேயொரு இடம். விறாந்தை நிறைய நேர்முகத்துக்கு வந்த பட்டதாரிகள்.

உள்ளே இருவர் இருந்தார்கள். பொறுப்பாளர் தியாகலிங்கம், பக்கத்தில் முகாம்களை மேற்பார்வை செய்யும் கமலாவதி.

"முந்தி எங்கையாவது வேலை செய்தனீரோ?"

"இல்லை, சேர்."

"முகாமிலை சனத்தோடை பழகின அனுபவம்?"

"இல்லை."

தியாகலிங்கம் பேனையை மூடினார். "சரி பிள்ளை, அறிவிக்கிறம்."

பத்மாசினி எழுந்து கதவுவரை போய்விட்டாள். அவ்வளவுதானா? அண்ணன் சொன்னதைக் காற்றில் விட்டுவிட்டுத் திரும்பினாள்.

"சேர், கம்பஸிலை நாடக மன்றத்துக்கு நான்தான் செயலாளர்."

"ஓகோ, நடிப்பீரோ?" அவர் உதட்டோரம் சிரித்தார்.

"ஒருநாளும் மேடை ஏறேல்லை."

"பிறகு என்னதான் செய்தனீர்?"

"மற்றதெல்லாம், சேர்!" தொடங்கிய பிறகு அவளால் நிறுத்த முடியவில்லை. "கறண்ட் இல்லை, லொறிக்கு டீசல் இல்லை. மேடைச் சாமானைச் சைக்கிளிலை கட்டிக்கொண்டு ஊர் ஊராய்ப் போனனாங்கள். எவ்வளவு சனம் வரும் எண்டு தெரியாது. சின்னனுகளை முன்னுக்கும் பிள்ளைத்தாச்சியளை வாசல் கரையிலையும் இருத்துவன். பதுங்கிற பங்கர்க் குழி எந்தப் பக்கம் எண்டு முதலே சொல்லிப்போடுவன்."

"நாடகம் நடக்கேக்கை குண்டு போடப் பொம்மர் வந்தால்?" கமலாவதி கேட்டார்.

"வந்தது, அக்கா! ஒரு பள்ளிக்கூட வளவிலை. சத்தம் கேட்டதும் சனம் முழுக்க எழும்பிட்டுது. நானும் கத்தினால் மிதிபட்டுச் செத்துப்போகுங்கள். ராசா வேசம் போட்ட பெடியனிட்டை ஓடிப்போய், 'வசனத்தை நிப்பாட்டாமல் பங்கருக்கு நட' எண்டனான். அவன் கிரீடத்தோடை, 'குடிமக்களே, என் பின்னே வருக!' எண்டு நடந்தான். சின்னனுகள் சிரிச்சுக்கொண்டு பின்னாலை போச்சுதுகள். அதுகளுக்குப் பின்னாலை தாய்மார். ஒருத்தருக்கும் ஒரு கீறல் இல்லை."

"பிறகு?"

"குண்டு எங்கையோ தள்ளி விழுந்தது. சனம் திரும்பி வந்து மிச்ச நாடகத்தையும் பார்த்திட்டுத்தான் போனது."

தியாகலிங்கம் வயிறு குலுங்கச் சிரித்தார். கமலாவதி சிரிக்கவில்லை. முன்னால் சாய்ந்தார்.

"போன கிழமை முகாமிலை நிவாரண மா குடுக்கேக்கை தள்ளுப்பட்டு ஒரு மனிசியின்ரை கை முறிஞ்சுபோச்சுது. நீர் எண்டால் என்ன செய்வீர்?"

பத்மாசினி யாரும் சொல்லாமலே கதிரையை இழுத்து உட்கார்ந்தாள். "முகாமுக்கு எத்தினை வாசல்?"

"ஒண்டு."

"அதுதான் பிழை, அக்கா. மா வாங்கினவை வந்த வழியாலை திரும்பினால் நெருக்குப்படாமல் என்ன செய்யும்? மேடையிலை ஒரு பக்கத்தாலை வாறவை மற்றப் பக்கத்தாலைதான் போறவை. பின்வேலியை வெட்டுங்கோ."

கமலாவதி எழுந்து நின்றார். "மயிலிட்டியிலை இருந்து இடம்பெயர்ந்த சனம் இருக்கிற முகாமிலை இண்டைக்கு மா குடுக்கிறம். வாறீரோ?"

"இண்டைக்கோ?"

"இப்ப!"

இரண்டு சைக்கிள்களும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடின. முகாமில் சனம் ஏற்கெனவே வாசலை அடைத்து நின்றது. பத்மாசினி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். இளைஞர்கள் சிலரைப் பிடித்துப் பின்வேலியைப் பிரிக்கச் சொன்னாள். உரத்த குரலுள்ள ஒரு பெண்ணைத் தேடிப்பிடித்து, வரிசையில் நிற்பவர்களோடு பகிடி விட்டுக்கொண்டே நிற்கச் சொன்னாள். முதலில் முணுமுணுப்பு, பிறகு சிரிப்பு, பிறகு வரிசை மெல்ல அசைந்தது. ஒருபுறம் வந்தார்கள், மறுபுறம் போனார்கள். தள்ளுமுள்ளு இல்லை.

கடைசிப் பை முடிந்தபோது அவள் தலைமயிரெல்லாம் மா. தொண்டை கட்டிவிட்டது. பசியே தெரியவில்லை.

மாப்பையோடு போன ஒருத்தி நின்று கேட்டாள்: "பிள்ளை, அடுத்த முறையும் நீர்தானோ?"

"ஓம், நான்தான்!" என்று சொன்ன பிறகுதான், வேலை தருவதாக இன்னும் யாருமே சொல்லவில்லை என்பது பத்மாசினிக்கு உறைத்தது. திடுக்கிட்டுக் கமலாவதியைப் பார்த்தாள்.

"உவதான்," என்றார் கமலாவதி அந்தப் பெண்ணிடம், பத்மாசினியைக் காட்டி. "இனி உவவோடை கதையுங்கோ."